பலாப்பலகை வேலி

உக்காருங்க சார். அந்த சேர் வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. பச்சையம்மா, சாருக்குத் தண்ணி கொண்டாந்து குடு. என் வீட்டுக்காரம்மா சார். அவ பேசலன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நாலு மாசமா என்கிட்டயே பேசறதில்ல, உங்ககிட்ட எங்க பேசப்போறா.

பக்கத்து வீட்டுப் பொண்ணப் பத்தி விசாரிக்கணும். நீங்க மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், விருத்தாசலத்துலேர்ந்து வர்றீங்க. சரி. தப்பே இல்ல. பொண்ணு எடுக்கறோம்னா அக்கம்பக்கத்துல கேட்டுட்டுத்தான் எடுக்கணும். என் பொண்ணுக்கு வரன் வந்தப்ப நானும் நெய்வேலிக்குப் போயி, மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில இஸ்திரி போடறவர் பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். பையன் துணிய மரியாதையா குடுப்பானா, தூக்கிப் போடுவானான்னு கேட்டேன். மரியாதையா குடுப்பான்னாரு. பொண்ணக் குடுத்துட்டேன்.

தாரணி நல்ல பொண்ணு சார். பத்தொம்பது வருஷமா பாக்கறேன். அஞ்சு வயசுக் குழந்தையா இந்த நகருக்கு வந்திச்சி. அப்பா ஏகாம்பரம், ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர். இங்க மாஸ்டர்னா அவருதான். அம்மா பூங்கோதை, அந்தம்மா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. பொண்ணு ஸ்கேன் சென்டர்ல வேலை பாக்குது. காலையில ஸ்கூட்டில போவும், நாலு மணிக்கு ஸ்கூட்டில வரும். வேற என்ன கேக்கணும்?

அதானே. முகம்.

கேப்பீங்கன்னு தெரியும் சார். கன்னத்துலேர்ந்து தாடை வழியா கழுத்து வரைக்கும் ஒரு திட்டு இருக்கு. இப்ப எவ்வளவோ மங்கிடுச்சி. உங்க அக்காவுக்கு யாரோ போன் பண்ணி, அது தோல் வியாதி, வம்சத்துல இருக்குன்னு சொல்லியிருக்காங்க. என்ன ஏதுன்னு தெளிவா தெரியலன்னா இன்னிக்கி சாயங்காலமே வேணாம்னு சொல்லிடப் போறீங்க. நாலு நாப்பது பஸ்ஸு. புரியுது சார். நீங்க ஒளிக்காம சொல்லிட்டீங்க, நானும் ஒளிக்காமதான் சொல்லப்போறேன். ஆனா அதுக்கு மொதல்ல இந்த வேலியப் பாக்கணும்.

சிரிக்காதீங்க. பொண்ணு முகத்துக்கும் வேலிக்கும் என்னான்னுதானே? வர்றேன், இருங்க.

இந்த ரெண்டு வீட்டுக்கும் நடுவுல, சரியா எல்லைக்கோட்டு மேல ஒரு பலாமரம் இருந்திச்சி. பாதி வேர் எங்களது, பாதி வேர் அவங்களது. பழம் எந்தப் பக்கம் காய்ச்சாலும் ரெண்டு வீட்டுக்கும் பங்கு. அதுல எங்களுக்குள்ள ஒரு நாள் சண்டை வந்ததில்ல. போன புயலுக்கு முந்தின புயல்ல அது சாய்ஞ்சிடுச்சி. நல்ல வேளை, ரோட்டுப் பக்கம் விழுந்திச்சி. நானும் மாஸ்டரும் நின்னு பாத்தோம். அவருதான் சொன்னாரு: "வைத்தி, இத விறகுக்குப் போட்டா மனசு கேக்காதுய்யா. அறுத்துப் பலகையாக்கி, அது நின்ன எடத்துலயே வேலியா நிறுத்திடுவோம்." எனக்கும் சரின்னு பட்டுது. மில்லுல அறுத்தோம். ஓரத்துல இருக்கற மெதுவான வெளிறையெல்லாம் தள்ளிட்டு வைரம் பாஞ்ச நடுக்கட்டைய மட்டும் எடுத்தோம். ஒரு வருஷம் நிழல்ல காய வச்சி, ஆசாரிய வச்சி நட்டோம். அதோ பாருங்க, இடுப்பு ஒசரத்துக்கு. ஆணி அடிச்சா வளையும், அவ்வளவு கெட்டி.

அதுவரைக்கும் நல்லாத்தான் போச்சி. மேல என்ன பூசறதுங்கறதுலதான் வந்திச்சி வினை.

மாஸ்டருக்கு வார்னிஷ் பூசணும். கண்ணாடி மாதிரி இருக்கற வார்னிஷ். அறுத்த பலாப்பலகை மஞ்சளா இருக்கும் இல்லையா, அந்த மஞ்சள் தெரியணுமாம். "இந்தக் கலர எவன்யா டப்பாவுல அடைச்சித் தர முடியும், இத மறைக்கறது பாவம்"னு பலகையத் தடவித் தடவிப் பேசுவாரு. படம் போடற ஆளு, அப்படித்தான் பேசுவாரு. நான் என்ன சொன்னேன்? மாஸ்டர், வார்னிஷ் வீட்டுக்குள்ள இருக்கற நாற்காலிக்கு. வெயில்ல நிக்கற மரத்துக்கு அது ஆவாது. ஒரு கோடையில பொரிஞ்சி, தோல் தோலா உரியும். அந்த இடுக்குல மழைத்தண்ணி எறங்கும். எறங்கினா வைரமாவது ஒண்ணாவது. மரத்துக்கு முந்திரி எண்ணெய்தான்னேன்.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது இல்ல. முப்பத்தொரு வருஷம் முந்திரி கம்பெனியில எண்ணெய் மேஸ்திரி சார் நானு. பருப்ப எடுத்தப்புறம் மிச்சமாவற ஓட்டப் பிழிஞ்சா எண்ணெய் வரும். எங்க ஊர்ல உத்திரத்துக்கு அதான், கதவு நிலைக்கு அதான், கடலூர்ல படகுக்கும் அதான். கரையான் கிட்ட வராது, உப்புக்காத்து ஒண்ணும் பண்ணாது. எங்கப்பா வீட்டு உத்திரத்துல அவரு காலத்துல பூசினது, இன்னிக்கும் நகத்தால கீறினா நகந்தான் தேயும். நான் ஒரு எண்ணெயப் பத்திப் பேசறேன்னா கேட்டுக்கணும் சார். டிராயிங் மாஸ்டர் எனக்கு எண்ணெயப் பத்திச் சொல்லித் தரக்கூடாது.

ஆமா, காய்ச்சாத பச்சை எண்ணெய் தோலுக்குக் கொஞ்சம் காரம்தான். அதான் காய்ச்சிப் பூசறது. பாதி டிரம்முல ஊத்தி, வெட்டவெளியில அடுப்பு மூட்டி, நுரை பொங்கி அடங்கற வரைக்கும் காய்ச்சணும். மூணு மணி நேரம் புடிக்கும். அப்புறம் அது சாது. குழந்தைகூடத் தொடலாம்.

பஸ்ஸுக்கு நேரமிருக்கு சார். வர்றேன், வர்றேன்.

மாஸ்டர் ஒரு யோசனை சொன்னாரு. மிச்சமிருந்த நாலு துண்டுப் பலகைய எடுத்து, ஒண்ணுல வார்னிஷ், ஒண்ணுல இனாமல் பெயிண்ட், ஒண்ணுல ஆளிவிதை எண்ணெய், ஒண்ணுல நான் காய்ச்சின முந்திரி எண்ணெய்னு பூசி, ஆடி மாசம் அவரு வீட்டு மொட்டமாடியில சாத்தி வச்சோம். வெயிலும் மழையும் தீர்ப்பு சொல்லட்டும்னாரு. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை மேல ஏறி ரெண்டு பேரும் பாப்போம். தாரணியும் வரும். அது ஒரு நோட்டுல எழுதும். "வார்னிஷ்ல மாமா, ஓரத்துல ஒரு கொப்புளம்"னு சத்தமா படிச்சிக்கிட்டே எழுதும். என் பலகைய உள்ளங்கையால தடவி, கன்னத்துல வச்சிப் பாத்து, "மாமா, இதான் வழவழன்னு இருக்கு"ன்னுது. கன்னத்துல வச்சிப் பாத்திச்சி சார். ஒண்ணும் ஆவல. ஏன்னா அது காய்ச்சினது.

புரட்டாசி கடைசியில ஏறிப் பாக்கறோம். வார்னிஷ் வெளுத்துக் கொப்புளிச்சிருக்கு. ஆளிவிதை எண்ணெய்ல கறுப்பா பூஞ்சணம். பெயிண்ட் நல்லாத்தான் இருக்கு, ஆனா மரம் எங்க இருக்குன்னே தெரியல. என்னது அப்படியே கறுகறுன்னு நிக்குது. இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன வேணும்? தோத்துட்டேன்யான்னு சொல்லணுமா இல்லையா?

சொல்லல. "நீ சொல்றது சரிதான் வைத்தி. ஆனா எனக்குக் காலையில எழுந்து ஜன்னல்ல பாத்தா கறுப்பு வேலி வேணாம்யா. வருஷா வருஷம் தேய்ச்சி நானே வார்னிஷ் போட்டுக்கறேன். உன் பக்கம் நீ எண்ணெய் பூசு, என் பக்கம் நான் வார்னிஷ் பூசறேன்"னாரு.

ஒரே பலகை சார். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணா? அவரு பக்கம் தண்ணி எறங்கினா என் பக்கம் உளுத்துப் போவாதா? ஜெயிச்சவன் நானு, அவரு என்னமோ எனக்கு விட்டுக்குடுக்கற மாதிரி பேசறாரு. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல. நீங்களே சொல்லுங்க, யாரு மேல தப்பு?

அத விடுங்க. சரி.

ஐப்பசி பொறந்திடுச்சி. வானம் இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது. பெயிண்டர் ஞாயித்துக்கெழமை வர்றான், தேய்ச்சிட்டு வார்னிஷ் போடறான்னு மாஸ்டர் சொல்லிட்டாரு. பலகைக்கு நடுவுல விரல் நுழையற இடைவெளி இருக்கு பாத்தீங்களா? அவன் வார்னிஷ் அடிச்சா அது இந்தப் பக்கம் ஒழுவும். மேல் விளிம்பு இருக்கு, அது யாரு பக்கம்? அதுலயும் வார்னிஷ் ஏறிட்டா அப்புறம் எண்ணெய் உள்ள எறங்காது. நான் முந்திக்கணும். சனிக்கெழமை காலையில கம்பெனிக்குப் போயி ஒரு டின்னு எண்ணெய் வாங்கிட்டு வந்தேன். மத்தியானம் அவங்க மூணு பேரும் கடலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. வெளிய வந்து பாக்கறேன், தெக்கால இருட்டிக்கிட்டு வருது.

பூசினேன். என் பக்கம் பூரா பூசினேன், மேல் விளிம்பையும் பூசினேன். மழை வர்றதுக்குள்ள முடிச்சிட்டேன். அவ்வளவுதான்.

சாயங்காலம் திரும்பி வந்தாங்க. மாஸ்டர் வேலிகிட்ட வந்து நின்னு பாத்தாரு. கோவிச்சிக்கல. "மேல் விளிம்ப விட்டிருக்கலாம் வைத்தி"ன்னாரு. அப்புறம், "காய்ச்சினதுதானே?"ன்னாரு. ஆமான்னேன்.

அது ஒண்ணுதான் கேட்டாரு. ஆமான்னேன்.

தண்ணி குடிங்க சார்.

மழை ஞாயித்துக்கெழமை பேஞ்சிச்சி, பெயிண்டரு வரல. திங்கக்கெழமை நல்ல வெயில். அவங்க வீட்டுல துவைச்ச துணிய அந்தப் பக்கக் கொடியில போடுவாங்க. அன்னிக்கி ரெண்டு நாள் துணி சேந்து போச்சாட்டம் இருக்கு, கொடியில எடம் இல்ல. பொண்ணு துப்பட்டாவக் கொண்டாந்து வேலி மேல விரிச்சிருக்கு. கருநீலத் துப்பட்டா, அதுல எண்ணெய் ஒட்டினா எங்க தெரியப்போவுது? அத நான் எங்க பாத்தேன், எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் அதையே முகத்துல சுத்திக்கிட்டு ஸ்கூட்டில போயிருக்கு. இப்பல்லாம் பொண்ணுங்க தூசிக்கு அப்படித்தானே கட்டிக்கிட்டுப் போவுதுங்க, கண்ணு மட்டும் தெரியற மாதிரி.

புதன்கெழமை காலையில கன்னம் தடிச்சிச்சி. மத்தியானம் கொப்புளம். வெள்ளிக்கெழமை நீங்கள்ளாம் பொண்ணு பாக்க வர்றதா இருந்திச்சி, ஞாபகம் இருக்கா? வேணாம், பொண்ணுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டாங்க இல்ல, அது இதான்.

டாக்டர்கிட்டப் போனாங்க. எதையாவது தொட்டியாம்மா, எதாவது மேல பட்டுதான்னு கேட்டிருக்காரு. அன்னிக்கி மாஸ்டர் மறுபடியும் இங்க வந்தாரு. இதே எடம். நீங்க உக்காந்திருக்கற சேர்ல அவரு உக்காரல, நின்னுக்கிட்டே கேட்டாரு. "வைத்தி, அந்த எண்ணெய் காய்ச்சினதுதானேய்யா?" நான் சொன்னேன், "மாடியில பலகைய உங்க பொண்ணு கன்னத்துல வச்சிப் பாத்திச்சே, ஒண்ணும் ஆவலயே, அதே எண்ணெய்தான் மாஸ்டர்"னேன். அவரு என் கையப் பாத்தாரு. போயிட்டாரு.

அப்புறம் பூங்கோதையம்மாவோட சொந்தக்காரங்க யாரோ பாத்துட்டு, இது அக்கின்னு சொல்லிட்டாங்க. அக்கிக்கு எங்க பக்கத்துல மருந்து கெடையாது, மண்பானை பண்றவர்கிட்டப் போயி எழுதிக்குவாங்க. செங்காவியக் குழைச்சி, கொப்புளத்து மேல பூசி, கோடு கோடா எழுதுவாரு. மூணு நாள் எழுதினாங்க. படம் போடற மனுஷன் சார், தன் பொண்ணு கன்னத்துல இன்னொருத்தர் கோழி எறகால கோடு போடறதப் பக்கத்துல நின்னு பாத்துட்டு வந்தாரு. நான் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். ஸ்கூட்டி பின்னால பொண்ணு உக்காந்திருக்கு, முகம் பூரா செவப்பா. அத்தோட என்னப் பாத்து, "மாமா, பயந்துடாதீங்க, நான்தான்"னுது.

சீச்சீ, எனக்கு ஒண்ணுமில்ல சார். வெயிலு.

அக்கிதான் சார். அக்கி எல்லாருக்கும் வரும். வம்சமும் இல்ல, வியாதியும் இல்ல. போயி உங்க அக்காகிட்ட அக்கின்னு சொல்லிடுங்க.

இல்லியா? அக்கியா இருந்தா ரெண்டு மாசத்துல போயிருக்கும், திட்டு நிக்காதுங்கறீங்க. உங்க அக்காவே அதான் சொல்றாங்களா. ம்.

இருங்க, எழுந்துக்காதீங்க சார். மணி நாலுதான் ஆவுது. பஸ்ஸு இங்க முக்குல நிக்கும், கை காட்டினா போதும். உக்காருங்க.

அந்தச் சத்தம் கேக்குதா? ஸ்கூட்டி. அதான் வருது. திரும்பிப் பாக்காதீங்க.

...வா தாரணி. ஆமாம்மா, தெரிஞ்சவரு. சும்மாத்தான் பேசிக்கிட்டிருக்கோம். அப்பா வந்துட்டாரா? இன்னும் வரலயா. சரி சரி, நீ போம்மா.

பாத்தீங்களா. இன்னமும் மாமாங்குது. துப்பட்டாவ அவுத்துச்சி பாருங்க, இந்தப் பக்கக் கன்னம். வெயில் பட்டா எரியுதாம். அதுக்குத் தெரியாது நீங்க யாருன்னு. தெரிஞ்சிருந்தா முகத்த மூடிக்கிட்டே உள்ள போயிருக்கும்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டா சார்? இது வேற எதுனாலயோ வந்த காயம்னு வச்சிக்கங்க. வெளிய இருந்து பட்டது, ரத்தத்துல இல்ல. அப்படின்னா உங்க அக்கா ஒத்துக்குவாங்களா? பையன்?

பையன் இப்பவே ஒத்துக்கறானா. அம்மாதான் பயப்படறாங்க.

நல்ல பையன்.

அப்படின்னா ஒண்ணு பண்ணுங்க. நான் ஒண்ணு சொல்றேன், நீங்க கேட்டுக்கங்க, ஆனா என் பேரு வேணாம். முப்பத்தொரு வருஷம் கம்பெனியில இருந்த ஒரு ஆளு சொன்னாருன்னு சொல்லுங்க. அது முந்திரி எண்ணெய்க் காயம். எனக்குத் தெரியும். என் கையிலயே எத்தன பட்டிருக்கு, இதோ முழங்கைக்கு மேல பாருங்க, இந்தத் திட்டு இருவது வருஷத்துத் திட்டு. அதே மாதிரிதான் அதுவும். உரிஞ்சி, கறுத்து, அப்புறம் மெதுவா மங்கும். வம்சத்துல ஒண்ணும் கெடையாது. நான் சூடம் அணைச்சி சத்தியம் பண்றேன்.

ஆமா. காய்ச்சின எண்ணெய் ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னேன்.

ஆமா சார்.

காய்ச்சல.

மூணு மணி நேரம் ஆவும் சார்! மழை தலை மேல நிக்குது. காய்ச்சிக்கிட்டு உக்காந்திருந்தா ஞாயித்துக்கெழமை பெயிண்டர் வந்து வார்னிஷ அடிச்சிட்டுப் போயிருப்பான். பச்சையாவே எடுத்துப் பூசினேன். என் கையில மட்டும் தேங்காயெண்ணெயத் தடவி, அது மேல சாம்பலப் பூசிக்கிட்டேன். கம்பெனியில நாங்க அப்படித்தான் பண்ணுவோம், தோல் பொத்துப்போவாம இருக்க. அந்தச் சாம்பல் நகக்கண்ணுல போவாம நாலு நாள் நிக்கும். அன்னிக்கி மாஸ்டர் என் கையப் பாத்தாருன்னு சொன்னேனே.

ரெண்டு நாள்ல காத்துல காஞ்சிடும்னு நெனச்சேன். யாரு போயி வேலியக் கட்டிப்புடிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். துணி போடுவாங்கன்னு நான் கண்டனா? போட்டத நான் பாக்கல சார். பாத்திருந்தா சொல்லியிருக்க மாட்டனா? பத்தொம்பது வருஷமா...

என்ன? பச்சையம்மா, என்ன சொன்ன?

சார், இவ பேசிட்டா. கேட்டீங்களா? நாலு மாசம் கழிச்சி இவ வாயத் தொறந்திருக்கா.

"பாத்தீங்க"ங்கறா.

...

பாத்தேன் சார்.

திங்கக்கெழமை காலையில, இதே சேர்ல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருந்தேன். இவ கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தா. தாரணி வந்து துப்பட்டாவ ஒதறி, வேலி மேல நீளமா விரிச்சி, காத்துல பறக்காம இருக்க ரெண்டு ஓரத்தையும் பலகை இடுக்குல சொருவிட்டு உள்ள போச்சி. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எடும்மா, அதுல போடாதன்னு சொல்ல வாயெடுத்தேன். ஏன் மாமான்னு கேக்கும் சார். காய்ச்சின எண்ணெய் ஒண்ணும் பண்ணாதுன்னு நான்தானே ரெண்டு மாசமா மாடியில நின்னு பாடம் எடுத்தேன்? எடும்மான்னு சொன்னா, பச்சை எண்ணெயப் பூசிட்டேன்னு ஒத்துக்கற மாதிரி. சனிக்கெழமைதான் அவங்கப்பாகிட்ட காய்ச்சினதுன்னு சொல்லியிருக்கேன். மேல லேசாத்தானே படும், ஒண்ணும் ஆவாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு டீயக் குடிச்சி முடிச்சேன். இவ என்னப் பாத்தா. நான் பேப்பர எடுத்துக்கிட்டேன்.

போயி எடுத்துப் போட்டிருக்கலாம் சார். பத்தடி. பாருங்க, இங்கேர்ந்து பத்தடிதான்.

புதன்கெழமை அந்தப் பொண்ணு வலியில அழுதது இங்க கேட்டுது. அன்னியிலேர்ந்து இவ எனக்குச் சோத்தப் போட்டு வச்சிடுவா, பேச மாட்டா. நானும் பேசல. எண்ணெய்க்குக் கெட்ட பேரு வந்துடும்னு நெனச்சேன்னு எனக்கே சொல்லிப் பாத்துக்கிட்டேன். எண்ணெய் மேல என்ன தப்பு? எண்ணெய் அதோட வேலையத்தான் பண்ணிச்சி.

இப்ப உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சி. நீங்க போயி உங்க அக்காகிட்ட சொல்லுங்க. இவங்க வீட்டுல மட்டும் என் பேர எடுக்காதீங்க சார், கையெடுத்துக் கும்புடறேன். கல்யாணம் நடக்கட்டும். நான் ஒரு நல்ல பீரோ வாங்கி...

என்ன சார்? யாரு அனுப்பினது உங்கள?

மாஸ்டரா?

நீங்க நேரா இங்க வரலயா? ஸ்கூல்ல போயி அவரப் பாத்துட்டுத்தான் வர்றீங்களா? என்ன சொன்னாரு... இன்னொரு தடவ சொல்லுங்க. "பெத்தவன் சொன்னா சாக்கு சொல்றான்னு நெனப்பீங்க. வேலிக்கு அந்தப் பக்கம் வைத்திலிங்கம்னு ஒருத்தர் இருக்காரு. அவரப் போயிக் கேளுங்க. அவரு சொல்லுவாரு."

அவரு சொல்லுவாருன்னா சொன்னாரு?

அப்ப மாஸ்டருக்குத் தெரியும். மாடியில இருக்கற பலகை கறுப்பு, வேலி செம்பழுப்பு. பச்சை எண்ணெய் அப்படித்தான் நிக்கும். பலா மஞ்சள்ல பத்து விதம் சொல்ற மனுஷன், அவரு கண்ணுக்குத் தப்புமா? சனிக்கெழமை சாயங்காலம் இருட்டிப்போச்சி, தெரிஞ்சிருக்காது. அப்புறம் வெளிச்சத்துல பாத்திருப்பாரு. அதான் வந்து என் கையப் பாத்தாரு. நாலு மாசமா தெரியும். ஒரு நாள் ஒரு வார்த்தை கேக்கல. பொங்கலுக்குக் கரும்பு குடுத்து அனுப்பினாரு சார். அவரு பொண்ணோட வாழ்க்கையக் கொண்டாந்து என் வாய்ல வச்சிட்டு, அவரு பாட்டுக்குக் கிளாஸ் எடுத்துக்கிட்டிருக்காரு.

நான் சொல்லாம இருந்திருந்தா? அக்கின்னே உங்கள அனுப்பி வச்சிருந்தா? பாதி அனுப்பிட்டேனே சார், நீங்க எழுந்துட்டீங்களே.

நீங்க உக்காருங்க. இல்ல, எழுந்திருங்க, நீங்களும் வாங்க. தனியா போனா நான் பாதியில திரும்பிடுவேன். பச்சையம்மா, நீயும் வாயேன். வேணாம், கதவுகிட்டயே நில்லு, அன்னிக்கி நின்ன மாதிரி.

பத்தடிதான்.

தாரணி. தாரணி, இங்க வேலிகிட்ட வாம்மா. அப்பா வரட்டும், அவர்கிட்டயும் சொல்றேன். மொதல்ல உன்கிட்ட சொல்லணும். தொடாத, கைய எடு அதுலேர்ந்து. இப்ப காஞ்சிடுச்சி, ஒண்ணும் பண்ணாது, இருந்தாலும் எடும்மா.

அன்னிக்கி உன் துப்பட்டாவ நான் பாத்தேம்மா.